ஒன்பதரை மணிக்கு டிவியிலா, மறுநாள் காலை போனிலா?

சீரியல் என்றால் வேலைவெட்டி இல்லாத பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒரு பேச்சு உண்டு. அந்த நேரத்தில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதவர்கள் சொல்வது அது. தோசைக்கல் அடுப்பில் இருக்கும், ஹாலிலிருந்து வசனம் கேட்கும். டிவி சீரியலைப் பாதி காதால்தான் பார்க்கிறார்கள். எடுப்பதும் அதற்கேற்ற மாதிரிதான். கதையில் ஒரு கன்னத்தில் அறை விழுந்தால் அந்த வீட்டில் உள்ள அத்தனை முகமும் அதிரும், நேற்று நடந்ததை இன்று யாராவது யாரிடமாவது முழுசாகச் சொல்வார்கள். மிக்ஸி ஓடும்போது விட்டது அங்கே கிடைத்துவிடும்.

போனில் பார்ப்பவருக்கு இதே விஷயம்தான் எரிச்சல். மின்சார ரயிலில் இயர்போனை மாட்டி, டைட்டில் பாட்டைத் தள்ளி, அதிர்ச்சி முகங்களைத் தள்ளி, ஒரு எபிசோடைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். ஷிப்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. கதை நகர்வது மட்டும் போதும் என்றால், சரி, போனே மேல்.

ஆனால் கதைக்காக மட்டும் யாரும் வருடக்கணக்கில் பார்ப்பதில்லை. ‘மெட்டி ஒலி’யில் சிதம்பரம் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பட்ட பாட்டை வைத்து எத்தனையோ வீடுகளில் சொந்தச் சம்பந்தி விவகாரம் பேசப்பட்டது. தன் நாத்தனாரைப் பற்றி நேராகப் பேசினால் சண்டை. சீரியல் நாத்தனாரைத் திட்டினால் யாரும் கேட்க முடியாது! ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை, 1500 எபிசோடுக்கு மேல் ஓடியது. அபியும் ஆதியும் கட்டுமானத் தொழிலில் மோதிக்கொண்டதால், பேப்பரை விரித்துப் பிடித்தபடி ஆண்களும் அதைப் பார்த்தார்கள். இந்தப் பேச்சு ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

போனிலும் பேச்சு உண்டு, அது மீமாக வரும். ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரனின் “இந்தாம்மா ஏய்!” சீரியலே பார்க்காத கல்லூரிப் பையன்கள் வரை போனது அப்படித்தான். 2023 செப்டம்பரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்து, அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். எனக்குத் தெரிந்தவர்களில் துண்டு வீடியோவுக்காக வந்தவர்கள் அத்தோடு நின்றார்கள். தினமும் டிவி முன் உட்காருகிறவர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு அந்த நேரம்தான் முக்கியம், ஆள் இரண்டாம்பட்சம்.

புரோமோவை மட்டும் பார்த்துவிட்டு முழுக்கதையும் சொல்லும் மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களைப் போட்டியில் சேர்க்கவில்லை.

என் ஓட்டு டிவிக்குத்தான், ஒரே ஒரு விஷயம் தவிர. மாமியார் கொடுமைக் கதையை மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது எல்லா மருமகளாலும் ஆகிற காரியமில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் மருமகளுக்குப் போன்தான் சரி.