ஐந்தாம் ஆண்டில் ஒரு கார் பேட்டரியும் அதை அளக்கும் கருவியும்

கார் பேட்டரியை எப்போது மாற்றுவது என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். 'செல்ஃப் எடுக்கிற வரைக்கும் ஓட்டுங்கள்' என்பது ஒன்று. 'மூன்று ஆண்டு ஆகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்' என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்டால் என்றாவது ஒருநாள் நடுவழியில் நிற்போம். இரண்டாவதைக் கேட்டால் இன்னும் ஓரிரு ஆண்டு உழைக்கக்கூடிய பேட்டரியைத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் கைக்கு அடக்கமான பேட்டரி சோதனைக் கருவி ஒன்றை வாங்கினேன். அப்போது என் காரின் பேட்டரிக்கு வயது மூன்று. ஐந்தாம் ஆண்டில் அதை மாற்றியபோது, மாற்றச் சொன்னது இந்தக் கருவியில் நான் எடுத்துவைத்த அளவீடுகள்தாம். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குத் தாராளமாக வாங்கலாம் என்பேன். அது காட்டும் எண்களை நம்புங்கள். கடைசி வரியில் அது எழுதும் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று எனக்கும் முதலில் தோன்றியது. 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தரும். எனவே முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். இதெல்லாம் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதற்கான கணக்கு. பேட்டரிக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. மாடித் தொட்டியில் நீர் நிறைய இருந்தும், குழாயில் உப்புப் படிந்துவிட்டால் கீழே நூலாகத்தான் வரும், இல்லையா? பேட்டரிக்குள்ளும் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்படுகின்றன, தகட்டின் சட்டம் அரிக்கப்படுகிறது, அதிலுள்ள பூச்சு உதிர்ந்து அடியில் தங்குகிறது. உள்மின்தடை கூடிக்கொண்டே போகிறது. வோல்ட் மட்டும் பழையபடியே நிற்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் நூறு, இருநூறு ஆம்பியர் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இந்தக் கருவி அளப்பது அந்த உள்மின்தடையைத்தான். சிறிய மின் துடிப்பு ஒன்றை அனுப்பி, பேட்டரி அதை எப்படி ஏற்கிறது என்று பார்த்து, அதிலிருந்து சிசிஏ என்ற எண்ணைக் கணக்கிட்டுச் சொல்கிறது. கடுங்குளிரில், அதாவது உறைநிலைக்கும் 18 டிகிரி செல்சியஸ் கீழே, வோல்ட் ஒரு வரம்புக்குக் கீழே விழாமல் பேட்டரியால் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே சிசிஏ. குளிரே இல்லாத ஊரில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். பேட்டரியின் உடல்நிலைக்கு இது நல்ல அளவுகோல். சொல்லப்போனால் பேட்டரியைத் தேய்ப்பது வெப்பம்தான். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. கோடையில் தேய்ந்ததைக் குளிர்காலம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பனிக்காலத்து விடியற்காலையில் அத்தனை வண்டிகள் மக்கர் செய்கின்றன.

கருவியின் தயாரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு, சிவப்பு என இரண்டு கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பின் இரு தாடைகளுக்கும் தனித்தனி வயர் வருகிறது. ஒரு தாடை வழியே துடிப்பு போகிறது, மற்றொன்றின் வழியே வோல்ட் அளக்கப்படுகிறது. வயரின் மின்தடை கணக்கில் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு. எனவே இரண்டு தாடைகளும் பேட்டரியின் மேலே துருத்தி நிற்கும் ஈயக் குமிழைப் பற்றியிருக்க வேண்டும். ஒரு தாடை குமிழிலும் மற்றது இரும்பு போல்ட்டிலும் இருந்தால் எண் சரிந்துவிடும். என் கருவியில் கிளிப்பின் ஸ்பிரிங் நன்றாக இறுக்குகிறது. பற்களும் கூர்மை. குமிழைச் சற்றே திருகிக் கடிக்கவைத்தால் அளவீடு நிலையாக நிற்கிறது. திரை சிறியது, வெயிலில் படிப்பது சிரமம். தனி மின்கலம் தேவையில்லை, சோதிக்கும் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அளக்கும் முன் கருவி இரண்டு கேள்விகள் கேட்கும்: எந்தத் தர அளவு, லேபிளில் உள்ள எண் என்ன. எஸ்ஏஇ, இஎன், டிஐஎன், ஜேஐஎஸ் என்று பட்டியல் வரும். பேட்டரியை மதிப்பிடும் வெவ்வேறு முறைகளின் பெயர்கள் இவை. ஒரே பேட்டரிக்கு டிஐஎன் முறையில் வரும் எண், இஎன் முறையில் வருவதைவிட மிகக் குறைவாக இருக்கும். லேபிளில் இஎன் எண் போட்டிருக்க, கருவியில் டிஐஎன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நல்ல பேட்டரியைக்கூட 'மாற்றவும்' என்று சொல்லிவிடும். யாராவது உங்கள் வண்டியில் இந்தக் கருவியை மாட்டி, சிவப்பு எழுத்தைக் காட்டி, பேட்டரியை மாற்றச் சொன்னால், எந்தத் தர அளவு வைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வண்டி ஓடி நின்ற உடனே அளப்பதும் வீண். தகட்டின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் 12.9, 13 என்றெல்லாம் காட்டும். இரவு முழுவதும் நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் அளப்பதுதான் உத்தமம். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம்.

என் பேட்டரியின் லேபிளில் 45 ஆம்பியர் மணி என்றும், சிசிஏ 330, இஎன் என்றும் அச்சிட்டிருந்தது. மூன்றாம் ஆண்டில் முதன்முதலாக அளந்தபோது 318 காட்டியது. நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் 290. அதன் பிறகுதான் சரிவு வேகமெடுத்தது. அந்தக் கோடை முடிந்ததும் 255, ஐந்தாம் ஆண்டின் நடுவில் 214. இத்தனை காலமும் ஓய்வு வோல்ட் 12.5-ஐ விட்டு இறங்கவே இல்லை! மல்டிமீட்டரை மட்டும் வைத்திருந்தால் பேட்டரி திடமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரே ஓர் அளவீட்டைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஒரே மாதிரியான சூழலில், சில மாத இடைவெளியில் எடுத்த எண்களை வரிசையாக எழுதிப் பார்க்கும்போதுதான் பேட்டரி எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிகிறது.

சிசிஏ 255-க்கு வந்தபோது கருவி இன்னும் 'நல்லது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதவில்லை. கருவியிலுள்ள கிராங்க் சோதனையைச் சேர்த்துப் பார்த்தேன். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நொடியில் வோல்ட் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பிடித்துக் காட்டும் வசதி அது. மிதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது பட்டறைகளில் வழக்கமான வரம்பு. முன்பு 10.6 காட்டிய வண்டி, கடைசி முறை 9.4-க்கு இறங்கியது. சிசிஏ மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே, கிராங்க் வோல்ட் வரம்புக்குக் கீழே, வயது ஐந்து. மூன்றும் ஒரே திசையைக் காட்டிய பிறகு நான் யோசிக்கவில்லை. அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் நாட்களில் விடியுமுன்னே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் வண்டி 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு நிற்பதை என்னால் ஏற்க முடியாது. கடைக்குப் போய்வர மட்டுமே காரை எடுப்பவர் இன்னும் சில மாதம் பொறுத்திருக்கலாம், அதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

ஆனால் மாற்றுவதற்கு முன் டெர்மினலைப் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், நல்ல பேட்டரியும் செத்த பேட்டரி போலவே நடந்துகொள்ளும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஈயக் குமிழின் உச்சியிலும், மறுமுனையை அதைப் பற்றியிருக்கும் கேபிள் வளையத்திலும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, எனவே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் குற்றம் பேட்டரியில் இல்லை, அந்த இணைப்பில்தான். சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவைத்து இறுக்கினால் சரியாகிவிடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.7 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். அது சரியில்லாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே படுத்துவிடும்.

கருவியால் முடியாதவையும் உண்டு. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவை, அதாவது ஆம்பியர் மணியை, அது அளப்பதில்லை. காலையில் சுறுசுறுப்பாக ஸ்டார்ட் ஆகும் பேட்டரி, சில நாள் நிறுத்திவைத்தால் இறங்கிப்போகலாம். அப்படி நடந்தால் வண்டி அணைந்திருக்கும்போதும் எதுவோ மின்சாரம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பானது என்பார்கள். அதுவே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணியைத் தின்றுவிடும், ஆகவே வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் நல்ல பேட்டரியும் இறங்கத்தான் செய்யும். உள்ளே அறைகளை இணைக்கும் பாலம் திடீரென்று விட்டுப்போவதையும் எந்தக் கருவியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெட்டி உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கருவியை எடுக்கவே வேண்டாம். தீப்பொறி படாமல் விலகி நின்று, மெக்கானிக்கை அழையுங்கள்.

சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டி வைத்திருப்பவர்கள், மெனுவில் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி எனப்படும், அத்தகைய வண்டிகளுக்கான பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றும்போது அதே வகையைத்தான் போட வேண்டும். அந்த வண்டிகளில் சிலவற்றுக்குப் புதிய பேட்டரியை வண்டியின் கணினியில் பதிவுசெய்யவும் வேண்டியிருக்கும். அது நாமே வீட்டில் செய்கிற வேலை இல்லை.

புதிய பேட்டரி வாங்கும்போது கருவியைக் கையோடு எடுத்துப்போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது 12.3 வோல்ட் காட்டியது. தயாரிப்புத் தேதிக் குறியைப் பார்த்தால் வெகுநாள் அலமாரியில் இருந்தது. வேறொன்று கேட்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தார். அது 12.7 வோல்ட், லேபிளில் போட்டதைவிடச் சற்று அதிகமான சிசிஏ. கருவிக்குக் கொடுத்த காசு அந்த நிமிடமே வசூலாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரே குறைதான். பழைய அளவீடுகளைக் கருவி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தேதியோடு ஒரு பத்து எண்களைச் சேமிக்க இடம் கொடுத்திருந்தால், 'நல்லது', 'மாற்றவும்' என்ற இரண்டு சொற்களுக்கும் வேலையே இருந்திருக்காது. அதுவரை ஒரு சிறு நோட்டை டேஷ்போர்டில் போட்டுவையுங்கள்.