வீட்டுக்கே வந்து இன்ஜெக்டர் கிளீனிங்: குன்னூர்க்காரர்கள் கவனத்துக்கு

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். "வீட்டுக்கே வந்து இன்ஜெக்டரைக் கழற்றி கிளீன் பண்ணித் தர்றோம்" என்று சொல்லி ஒருவர் என்னிடம் 3,800 ரூபாய் வாங்கிப் போனார். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டரை அவர் கழற்றவே இல்லை. ஆனால் பணம் போனதற்காக இதை எழுதவில்லை. மறுநாள் நடந்ததற்காக எழுதுகிறேன்.

என்னுடையது பத்து வருடம் ஓடிய மூன்று சிலிண்டர் வண்டி. டிசம்பர் பனி தொடங்கியதும் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஒரு நிலையில் நிற்காது. ஆர்.பி.எம். முள் 700க்கும் 1,100க்கும் நடுவே ஏறி இறங்கும், ஸ்டீயரிங் கையில் நடுங்கும். பெட்போர்டில் டிராபிக்கில் நின்றால் இப்போதே ஆஃப் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கும். ஆனால் பர்லியாரிலிருந்து குன்னூருக்கு ஏற்றத்தில் ஏறும்போது ஒரு குறையும் தெரியாது. நன்றாகவே இழுக்கும்.

போனில் இதைக் கேட்டதும் அந்த ஆள், "மலைக் காத்து மெலிசு சார், இங்க இன்ஜெக்டர் சீக்கிரம் அடைச்சுக்கும்" என்றார். கேட்க நியாயமாக இருந்தது, நம்பிவிட்டேன். உண்மை வேறு. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கார்புரேட்டர் காலத்தில் அது தொல்லை. இன்ஜெக்டர் வண்டியில் சென்சார் அழுத்தத்தை அளந்து சொல்ல, இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். உயரத்துக்கும் இன்ஜெக்டர் அடைப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவர் வந்த நேரம் நான் வேலையில் இருந்தேன், வீட்டில் அப்பா மட்டும். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் கறுப்பாக எதையோ காட்டி, "இவ்வளவும் உங்க இன்ஜெக்டர்ல இருந்து வந்த அழுக்கு ஐயா" என்றாராம். அப்பாவும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். பில்லில் 'இன்ஜெக்டர் கழற்றி சுத்தம், ஓ-ரிங் மாற்றம்' என்று எழுதியிருந்தது. ஓ-ரிங் என்றால் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்.

மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினோம். ஐடிலிங் பழையபடியே ஆடியது. கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டிலிருந்து, "அப்பா, பெட்ரோல் வாடை அடிக்குது" என்றாள். உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து, அவளைக் கீழே இறக்கித் தள்ளி நிற்க வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் பியூயல் ரெயிலுக்கு வரும் பைப் இணையும் இடம் ஈரமாக இருந்தது. கிளிப் முழுசாக உட்காரவில்லை. அந்த இடத்திலிருந்து பெட்ரோல் கசிந்து, கீழே இன்ஜின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. என் கை நடுங்கியது. இப்போது எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து தெரிந்த மெக்கானிக் அண்ணா ஒருவரை வரவழைத்தேன். அவர் முதலில் காட்டியது ரெயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை. பழுப்புப் புழுதி அப்படியே கெட்டியாகப் படிந்திருந்தது. "ஸ்பேனர் பட்டிருந்தா போல்ட் தலையோட ஓரத்துல ஒரு பளபளப்பாவது தெரியணுமுங்க" என்றார். ரெயிலைத் தூக்காமல் இன்ஜெக்டர் வெளியே வராது. வந்த ஆள் பைப்பைக் கழற்றி கிளீனிங் மருந்து டப்பாவை மாட்டி இன்ஜினை ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அதுவும் சுத்தம் செய்யும் ஒரு வழிதான், தப்பில்லை. ஆனால் அதைச் செய்துவிட்டு இன்ஜெக்டரைக் கழற்றியதாகப் பில் போடுவது ஏமாற்று. டம்ளரில் இருந்தது, காற்று உள்ளே போவதைத் திறந்து மூடும் திராட்டில் பாடியைத் துடைத்த கரியாக இருக்கும் என்றார்.

அப்புறம் அந்தக் கிளிப்பைச் சரியாக உட்கார வைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்விலிருந்து, காற்று உள்ளே போகும் பாதையான இன்டேக்குக்குப் போகும் குழாயை வளைவில் பிடித்ததும் ஆர்.பி.எம். முள் சட்டென்று நின்றது. விட்டதும் மறுபடி ஆட்டம். கழற்றித் திருப்பிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் விரல் நக நீளத்துக்கு விரிசல். பனியில் ரப்பர் விறைத்ததும் அது வாய் பிளந்து காற்றை இழுத்திருக்கிறது. ஐடிலிங்கில் திராட்டில் மூடியிருப்பதால் உள்ளே வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) அதிகம், ஓட்டை வழியே காற்று வேகமாகப் போகும். ஏற்றத்தில் திராட்டில் திறந்துவிட்டால் அந்தக் காற்று ஒரு பொருட்டே இல்லை. இன்ஜெக்டர் நன்றாக அடைத்திருந்தால் ஏற்றத்திலும் வண்டி திணறியிருக்கும். புதுக் குழாய் 220 ரூபாய்.

கிளீனிங் ஆளுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை. "மூணு இன்ஜெக்டரும் போயிருக்கும் சார், புது செட் 9,000 ஆகும்" என்றார்.

இன்ஜெக்டர்தான் பழுது என்று யார் சொன்னாலும், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் டெஸ்ட் பெஞ்ச் என்ற சோதனை மெஷினில் மாட்டி, மூன்றும் சமமாகப் பீய்ச்சுகிறதா என்று கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். பழைய ஓ-ரிங்குகளைக் கையில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ பார்த்து நாமே கழற்றிவிடலாம் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. அந்த அண்ணா வேண்டவே வேண்டாம் என்றார். இன்ஜினை அணைத்த பிறகும் ரெயிலில் 3 பார் வரை அழுத்தம் நிற்கும். சூடான இன்ஜினில் பைப்பைப் பிடுங்கினால் பெட்ரோல் கண்ணில் அடிக்கும், தீயும் பிடிக்கும். சுத்தம் செய்வதற்காக இன்ஜெக்டரை நேராக 12 வோல்ட் பேட்டரியில் மாட்டுவது இன்னொரு ஆபத்து. ஐடிலிங்கில் ஒவ்வொரு முறையும் சில மில்லி செகண்டு மட்டுமே கரண்ட் வாங்க வேண்டிய கம்பிச் சுருள் (காயில்) அதில் இருக்கிறது, தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் கருகிவிடலாம்.

விரிசல் விட்ட குழாயை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். இதே ஆட்டம் இருக்கிற வண்டிக்காரர்கள் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன்.