புரோமெட் நோய் எச்சரிக்கைச் சேவை: ஒரு வாசகரின் மதிப்புரை

மனிதர், விலங்கு, பயிர் ஆகிய மூன்றையும் தாக்கும் நோய்களை ஒரே இடத்தில் அன்றாடம் தெரிவிக்கும் சேவைகளில், நான் பல ஆண்டுகளாகப் படித்துவருவது புரோமெட். 1994 இல் தொடங்கிய இச்சேவையைத் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் நடத்துகிறது. அரசுகளின் அறிவிப்புக்காகக் காத்திராமல், உள்ளூர்ச் செய்தித்தாள்களிலும் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்களின் கடிதங்களிலும் வரும் தகவல்களை வல்லுநர்கள் ஆராய்ந்து வெளியிடுவதே இதன் முறை.

செய்தியைவிட அதன் கீழே, அவ்வல்லுநர்களில் ஒருவரான நெறியாளர் எழுதும் குறிப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓர் ஊரில் குரங்குகள் மடிந்தன என்று நாளிதழ் எழுதினால், அங்கே உண்ணிகள் பரப்பும் நோய் முன்பு இருந்ததா, எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், செய்தியில் எது பொருந்தவில்லை என்பதை அத்துறை அறிந்த ஒருவர் சில வரிகளில் சொல்லிவிடுகிறார். கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957 இல் கண்டறியப்பட்ட, உண்ணிகள் வழியே மனிதரையும் தாக்கும் காய்ச்சலுக்குக் குரங்குகளின் சாவே முன்னறிவிப்பாக இருந்துவருவதால், மனித நோயையும் விலங்கு நோயையும் வெவ்வேறு அலுவலகங்கள் தனித்தனியே பார்க்கும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நம் பகுதி வாசகர்கள் எளிதில் உணர்வார்கள்.

இச்சேவையின் பயனுக்கு நான் எப்போதும் காட்டும் சான்று 2012 செப்டம்பரில் வந்த ஒரு பதிவு. ஜெட்டாவில் பணியாற்றிய எகிப்திய நுண்ணுயிரியலாளர் அலி முகமது ஜாகி, நுரையீரல் அழற்சியால் இறந்த ஒருவரிடம் புதிய கொரோனா வைரஸ் ஒன்றைக் கண்டதாக அதில் தெரிவித்தார். அதே மாதத்தில் லண்டனில் சிகிச்சை பெற்றுவந்த கத்தார் நோயாளியின் வைரஸும் அதனோடு ஏறக்குறைய முழுமையாக ஒத்திருப்பது ஒப்பிட்டபோது தெரியவந்தது. இன்று மெர்ஸ் (மத்திய கிழக்கு சுவாச நோய்க்குறி) என்று நாம் அறியும் அந்நோயின் மூலத்தைத் தேடிய ஆய்வுகள் பின்னர் ஒற்றைத் திமில் ஒட்டகங்களில் போய் நின்றன. ஓர் ஆய்வகத்தில் இருந்த தனி மனிதரின் ஐயம் சில நாட்களில் உலகத்தின் கவனத்தைப் பெற்றதற்கு இப்படியொரு திறந்த வழி இருந்ததே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. தமிழிலோ வேறு இந்திய மொழியிலோ இச்சேவை இல்லாததால், மாட்டுக் கொட்டகையில் முதல் அறிகுறியைப் பார்ப்பவருக்கு இது எட்டாது. அதைவிட வருத்தம் தருவது நிதி நிலை. 2023 ஜூலையில் கட்டணச் சந்தா முறைக்கு மாறும் திட்டத்தை நிர்வாகம் அறிவித்தது. அடுத்த மாதமே நெறியாளர்கள் பலர், ஊதிய நிலுவையையும் சுட்டிக்காட்டிப் பணியை நிறுத்தினர். கொள்ளைநோய்க்குப் பின் கோடிகளைச் செலவிடும் அரசுகள், அதற்கு முன்பே விழித்திருக்கும் சிலருக்கு ஊதியம் கிடைக்க வழி செய்யாதது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். படிக்கும்போது தலைப்பைக் கூர்ந்து பாருங்கள்: ‘தகவல் கோரிக்கை’ என்ற குறிப்போடு வருவது உறுதியான செய்தி அல்ல, விவரம் அறிந்தவர்களிடம் கேட்கப்படும் கேள்வி, அதை அப்படியே பிறருக்கு அனுப்பிவிடக் கூடாது, புறக்கணிக்கவும் கூடாது. வுஹானில் காரணம் தெரியாத நுரையீரல் அழற்சி பரவுவதாக 2019 டிசம்பர் 30 அன்று வந்த பதிவும் அத்தகைய கோரிக்கையாகவே வந்தது.