ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டனுக்கு ஒரு நாள்: ஆறு ஆண்டு டிக்கெட் கணக்கு

எங்கள் வீட்டு ரயில் செலவு பிள்ளைகளின் பிறந்தநாளைப் பொறுத்து மாறும். ஆக்ஸ்ஃபோர்டில் குடியிருக்கிறோம், ஆண்டுக்கு நான்கைந்து முறை காலையில் லண்டன் போய் இரவு திரும்புவோம். ஃபேமிலி அண்டு ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டை முதன்முதலாக 2019இல் வாங்கியபோது மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. இப்போது 15, 10. அட்டை மாறவில்லை. கணக்கை மட்டும் மூன்று முறை புதிதாகப் போட வேண்டியிருந்தது.

முதலில் அட்டையைப் பற்றி. நான் வாங்கியபோது ஆண்டுக்கு 30 பவுண்டு. 2025 மார்ச்சிலிருந்து 35. மூன்றாண்டு அட்டை 80 பவுண்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு 60 சதவீதம். நான்கு பெரியவர், நான்கு பிள்ளைகள் வரை ஒரே அட்டையில் போகலாம். ஆனால் ஒரு பிள்ளையாவது கூட வர வேண்டும். வார நாள்களில் காலை 9.30க்கு முன் எங்கள் பகுதியில் செல்லாது. பள்ளி விடுமுறையில் அவசரமாகக் கிளம்பி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

போய்வரப் பெரியவருக்கு 30 பவுண்டு, பிள்ளைக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 90 ஆகிறது. அட்டை இருந்தால் பெரியவர் இருவருக்கு 40, பிள்ளைகள் இருவருக்கு 12, மொத்தம் 52. மிச்சம் 38. ஒரே பயணத்தில் அட்டையின் விலை கைக்கு வந்துவிடுகிறது. 2020இல் ஊரடங்கு வந்து அட்டை மேசை இழுப்பறையிலேயே காலாவதியானது. அந்த ஓர் ஆண்டுதான் நட்டம்.

மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு வேடிக்கையான வழியைக் கண்டோம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். ஆனாலும் மனைவி அவனை மட்டும் அழைத்துக்கொண்டு போகும் நாளில் அவனுக்கும் டிக்கெட் வாங்குவோம். அட்டையைப் பயன்படுத்த ஒரு பிள்ளை டிக்கெட் இருந்தாக வேண்டும் அல்லவா? 30 பவுண்டுக்குத் தனியாகப் போவதற்குப் பதில் 20ம் 6ம் சேர்ந்து 26. இலவசமாகப் போக வேண்டியவனுக்குக் காசு கொடுத்தோம், செலவு குறைந்தது. இதை ஊரில் என் அப்பாவுக்கு விளக்க முயன்று தோற்றேன்.

இனி லண்டனின் சுரங்க ரயில், அதாவது டியூப். பலர் இடறும் இடம் இதுதான். குடும்ப ரயில்கார்டை ஆய்ஸ்டர் என்னும் லண்டன் பயண அட்டையோடு இணைக்க முடியாது. வாயிலில் தட்டிக் காசு கட்டும் கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டையோடும் முடியாது. ஆகவே ரயில் டிக்கெட் வாங்கும்போதே லண்டனுக்குள் நாள் முழுதும் செல்லும் டிராவல்கார்டையும் சேர்த்து வாங்கிவிடலாமா என்று தோன்றும். முதல் இரண்டு பயணங்களில் நானும் வாங்கினேன், பிள்ளைகளுக்கும் சேர்த்து. சுத்த வீண். 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் காசு கட்டும் பெரியவரோடு சென்றால் டியூபில் இலவசம். ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகள் வரை. நானோ இலவசத்துக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர்களுக்கும் நாள் டிராவல்கார்டு எங்களுக்கு ஒத்துவரவில்லை. அருங்காட்சியக நாள் என்றால் எங்கள் ரயில் வந்து நிற்கும் பாடிங்டனிலிருந்து சவுத் கென்சிங்டன் போக ஒரு டியூப், வர ஒரு டியூப். 2025இல் ஆளுக்கு 6 பவுண்டைக்கூடத் தொடவில்லை. அதிகம் சுற்றினாலும் நகர மையத்தைச் சேர்ந்த முதலிரண்டு கட்டண மண்டலங்களுக்குள் கான்டாக்ட்லெஸ் அட்டையில் அந்த ஆண்டு ஒரு நாள் உச்சவரம்பு 8.90 பவுண்டு; கிரீனிச் வரை அதற்குள் அடங்கிவிடும். அவசரமில்லாத மதியத்தில் பஸ்தான் எங்கள் விருப்பம். ஒரே கட்டணத்துக்கு (2025இல் 1.75 பவுண்டு) முதல் பஸ்ஸில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம். மேல்தட்டின் முன் இருக்கை கிடைத்துவிட்டால் சுற்றுலா பஸ் எதற்கு? லெஸ்டர் ஸ்குவேரிலிருந்து கவென்ட் கார்டனுக்கு டியூபில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தட்டும் விஷயத்தில் ஒரு முறை சூடு பட்டோம். மனைவி உள்ளே போகும்போது கைப்பேசியைத் தட்டினாள், வெளியே வரும்போது பிளாஸ்டிக் அட்டையை. ஒரே வங்கிக் கணக்குதான். ஆனால் வாயிலுக்கு அவை இரண்டு ஆள்கள். இரண்டும் முடிவடையாத பயணமாகப் பதிவாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடித்தார்கள். இணையத்தில் விண்ணப்பித்துப் பணத்தைத் திரும்பப் பெற்றோம். அதன்பின் அவள் கைப்பேசியை மட்டுமே தட்டுகிறாள்.

2021இல் மகளுக்கு 11 ஆனது. பழக்க தோஷத்தில் பாடிங்டனில், பிள்ளைகளை இலவசமாக அழைத்துப்போகும் அகல வாயிலருகே நால்வரும் போய் நின்றோம். ஊழியர் சிரித்துக்கொண்டே வயதைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் "பதினொரு வயதும் இரண்டு வாரமும்" என்றாள். மனிதர் கோபிக்கவில்லை. ஆய்ஸ்டர் அட்டை ஒன்று வாங்கச் சொல்லி, அதில் இளம் பயணிச் சலுகையை ஏற்றிக்கொடுத்தார். 14 நாள் வரை பாதிக் கட்டணம். அடிக்கடி போகிறவர்கள் புகைப்படம் ஒட்டிய ஸிப் என்னும் பிள்ளைகளுக்கான ஆய்ஸ்டர் அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. நாங்களும் பிறகு அதைத்தான் எடுத்தோம்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டனுக்கு இரண்டு வழி: ரெடிங் வழியாகப் பாடிங்டன், பைசெஸ்டர் வழியாக மேரிலிபோன். ஒரு வழிக்கு மட்டும் செல்லும் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். மேரிலிபோன் வழி டிக்கெட்டை வைத்துக்கொண்டு, டைனோசர் பார்த்துக் களைத்த பிள்ளைகளோடு ஒரு மாலை பாடிங்டன் வாயிலில் நின்றேன். கதவு திறக்கவில்லை. டியூபின் பேக்கர்லூ தடத்தில் இரண்டே நிறுத்தம்தான் மேரிலிபோன். தூங்கிவிட்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு நிறுத்தம் போனது இன்னும் நினைவிருக்கிறது. மிச்சம் பிடித்த சில பவுண்டில் பாதி அங்கேயே போயிற்று.

குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் அட்வான்ஸ் டிக்கெட்டைப் பிள்ளைகளோடு போகும் நாளில் நான் தொடுவதில்லை. கழிப்பறை வரிசை ஒன்றே போதும், ரயிலைத் தவறவிட. பயணத்தை இடையில் உடைத்து இரண்டு டிக்கெட்டாக வாங்கும் வித்தையும் உண்டு. ரயில் அந்த நிலையத்தில் நின்றால் போதும், இறங்க வேண்டியதில்லை. நீண்ட தூரத்துக்கு நல்லது. எங்கள் தூரத்துக்கு மெனக்கெடும் அளவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. டிக்கெட் செயலிகள் சில முன்பதிவுக் கட்டணம் என்று தனியாகக் கேட்கும். ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் அது இல்லை. புளியோதரை டப்பா மிச்சப்படுத்துவதையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பது மனைவியின் கட்சி. நிலையத்து சாண்ட்விச் விலையைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

வரும் ஆண்டு மகளுக்கு 16. தம்பி கூட வரும் பயணங்களில் எங்கள் அட்டையில் பெரியவர் தள்ளுபடிதான் அவளுக்கு. 16-17 சேவர் என்று தனி அட்டை எடுத்தால் பாதிக் கட்டணம். எது லாபம் என்று இப்போதே காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகனுக்குப் பிப்ரவரியில் 11. அதற்குள் ஒரு சனிக்கிழமை, ஓட்டுநர் அறையே இல்லாத டிஎல்ஆர் என்னும் இலகு ரயிலின் முன் இருக்கையில் உட்கார்ந்து கிரீனிச்சின் கட்டி சார்க் நிலையம் வரை கடைசியாக ஒரு முறை ஓசியில் போக வேண்டுமாம். ஜனவரிக்கு டிக்கெட் பார்த்துவைத்திருக்கிறேன், மேரிலிபோன் வழி.