ஜீனர் பேரியரா, கால்வானிக் ஐசோலேட்டரா?

கொங்குப் பகுதியில் பிண்ணாக்கில் எஞ்சிய எண்ணெயை ஹெக்ஸேன் என்னும் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கும் ஆலைகளில், பம்புகளின் பேரிங்கில் பொருத்தும் அதிர்வு சென்சாருக்குச் செல்லும் மின்னாற்றல் ஆவியைப் பற்றவைக்கும் அளவை எட்டாதபடி தடுக்க இவ்விரண்டுமே பயன்படுகின்றன.

பேரியர் விலை குறைவானது. மிகை மின்னழுத்தத்தை அதன் டயோடுகள் எர்த்துக்குத் திருப்பிவிடும். ஆகவே பேரியரிலிருந்து முதன்மை எர்த் முனை வரையிலான இணைப்பின் தடை 1 ஓமுக்குள் இருந்தாக வேண்டும். நான் பார்த்த ஓர் ஆலையில் அந்த இணைப்பின் ஒற்றை போல்ட் பச்சைக் களிம்பேறித் தளர்ந்திருந்தது. சென்சாரோ வழக்கம்போல அளவு காட்டிக்கொண்டிருந்ததால், பாதுகாப்பு போனதை ஒருவரும் அறியவில்லை. என்னை மிகவும் அஞ்சவைப்பது இதுதான்.

ஐசோலேட்டரோ மின்மாற்றி அல்லது ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்துவதால், பாதுகாப்புக்கெனத் தனி எர்த் கேட்பதில்லை. இரண்டு இடங்களில் எர்த் இணைந்து மின்னோட்டம் சுற்றுவதால் (எர்த் லூப்) அதிர்வின் அலைமாலையில், அதாவது அதிர்வெண் வாரியான வரைபடத்தில், புகும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அடங்கும். ஆனால் வெப்பநிலை, அழுத்தம் போன்ற மெதுவான 4–20 மில்லிஆம்பியர் சிக்னலுக்கான ஐசோலேட்டரை இங்கே மாட்டினால், பேரிங் பழுதைக் காட்டும் கிலோஹெர்ட்ஸ் அதிர்வுகள் அதிலேயே மடிந்துவிடும் என்பதால், அதிர்வுக்கென்றே வடிவமைத்ததைத்தான் வாங்க வேண்டும்.

எர்த்தை முறையாக அளந்து பதிவுசெய்யும் பழைய ஆலையில் பேரியர் தொடரலாம். புதிதாக அமைப்போருக்கு ஐசோலேட்டரையே பரிந்துரைப்பேன்.