“அக்கா, தினமும் பையில என்னென்ன வைப்பீங்க?” என்று கேட்டு 4,850 ரூபாய் வாங்கியவர்கள்

எனக்குப் பை விற்றவர்கள் இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். ரயிலில் நின்றுகொண்டே பார்த்தேன். முகப்புப் படம் காணாமல் போயிருந்தது, அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக். மூன்று வாரமாகக் கெஞ்சியும் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். 4,850 ரூபாய். கை நடுங்குகிறது, இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். வேலைக்குத் தினமும் தூக்கிப் போகிற பையை எப்படிப் பார்த்து வாங்குவது, எதை எங்கே வைப்பது என்று நான் தெரிந்துகொண்டதை எல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, மண்ணடிக்கு நடப்பேன். பழைய பையின் ஜிப் போய் ஆறு மாதம் ஆகிறது. ஊக்கு குத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப் அதில், சாப்பாடும் குடையும் துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பையில். கூட்டத்தில் இரண்டு பையோடு ஏறுவது எவ்வளவு கொடுமை என்று அந்த ரயிலில் போகிற பெண்களுக்குத் தெரியும். அதனால் தீபாவளி போனஸ் வந்ததும் எல்லாம் ஒன்றாக வைக்கிற மாதிரி, மழை தாங்குகிற மாதிரி ஒரே ஒரு நல்ல பை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சமூக வலைத்தளம் ஒன்றில் பை மட்டும் விற்கிற பக்கம் அது. பெயர் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிப் பக்கங்கள் நூறு இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் மற்ற தொண்ணூற்றொன்பதும் நல்லவை என்று ஆகிவிடும். பையை நிற்க வைத்து அதன் மேல் மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்புறம் ஜிப்பைத் திறந்து உள்ளே வைத்த செய்தித்தாளை எடுத்துக் காட்டுவார்கள். ஒரு சொட்டு ஈரம் இருக்காது. கைப்பிடியும் பெல்ட் முனைகளும் நிஜத் தோல், 30 லிட்டர் கொள்ளளவு, 12 கிலோ தாங்கும், ஒரு வருட வாரண்டி என்று எழுதியிருந்தது.

விலையைக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். பக்கத்தை நடத்துகிறவர் விலையைச் சொல்லவில்லை. “அக்கா, தினமும் பையில என்னென்ன வைப்பீங்க? அதைச் சொல்லுங்க, அதுக்கேத்த மாடல் நான் சொல்றேன்” என்றார்.

நான் விழுந்த இடம் இதுதான். வாழ்க்கையில் எத்தனையோ கடையில் பை வாங்கியிருக்கிறேன். நீ எதைச் சுமக்கிறாய் என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. உட்கார்ந்து முழுப் பட்டியலையும் எழுதினேன். 15.6 இஞ்ச் லேப்டாப், சார்ஜர், மவுஸ். வாடிக்கையாளர் ஃபைல் இரண்டு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் நாலு, பென் டிரைவ் மாதிரி இருக்கும், அவை தொலைந்தால் என் வேலை போய்விடும். எவர்சில்வர் டிபன் கேரியர், மூன்று அடுக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். குடை. பர்ஸ், சீசன் டிக்கெட், வீட்டுச் சாவி. தைராய்டு மாத்திரை. நாப்கின் வைக்கிற சின்னப் பவுச். அதைக்கூட எழுதினேன். முகம் தெரியாத ஒருவருக்கு. பை தைக்கிறவர்தானே, அளவு தெரிய வேண்டுமே என்று நினைத்தேன்.

பதிலுக்கு இரண்டு நிமிடக் குரல் பதிவு வந்தது. “லேப்டாப்பை முதுகோட ஒட்டி வைங்கக்கா. கனமானது எல்லாம் முதுகுப் பக்கம் இருந்தாத்தான் தோள் இழுக்காது. கேரியரை அடியில நட்டுக்க நிறுத்துங்க, ஃபைலுக்கும் அதுக்கும் நடுவுல தடுப்பு இருக்கு. தண்ணி எப்பவும் வெளியதான், உள்ள வைக்கவே கூடாது. குடை அதுக்கு எதிர்ப்பக்கம், ஈரக் குடை லேப்டாப் பக்கமே போகக் கூடாது. டோக்கனுக்கு முதுகுல ஒரு ரகசிய ஜிப் வெச்சுத் தரேன்.” ஒவ்வொன்றும் சரியான யோசனை. இப்போதும் சொல்கிறேன், அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இவ்வளவு தெரிந்தவர் நல்ல பைதான் தைப்பார் என்று நம்பினேன். “நம்ம சொந்த யூனிட்டுக்கா, ஆம்பூர்ல” என்றார். தோல் என்றதும் ஆம்பூர் என்றதும் எனக்கு மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பார்சலை வாங்கிக்கொண்டு பணம் தருகிறேன் என்றேன். “உங்களுக்காகத் தனியா தைக்கிறதுக்கா, அதுல கேஷ் ஆன் டெலிவரி வராது” என்றார். பில் கேட்டேன். பார்சலுக்குள் வரும் என்றார். 4,850 ரூபாயை யுபிஐயில் ஒரு கைபேசி எண்ணுக்கு அனுப்பினேன். பணம் போகும் இடத்தில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருவருடைய பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் பின் நம்பரைப் போட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பார்சல் வந்தது. பில் இல்லை. தயாரித்தவர் பெயர், முகவரி, விலை அச்சிட்ட சீட்டு எதுவும் இல்லை. இலவசம் என்று சொன்ன மழை உறை இல்லை. ரகசிய ஜிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. கேட்டதற்கு, “தீபாவளி ரஷ்ல மாறிப் போச்சுக்கா, உறையைத் தனியா கொரியர்ல போடறேன்” என்றார். வெளிப் பக்கப் பையில் என் பாட்டில் பாதிதான் இறங்கியது. முதல் நாளே தாம்பரத்தில் ஏறிய கூட்டத்தில் இடிபட்டுக் கீழே விழுந்து உருண்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் மழை. பெரிய மழைகூட இல்லை, ஐப்பசித் தூறல்தான் கொஞ்சம் வலுத்தது. கடற்கரை நிலையத்திலிருந்து அலுவலகம் வரை பத்து நிமிட நடை, குடையும் பிடித்திருந்தேன். சாலையைக் கடக்கும்போது இடது தோள் பெல்ட் மேல் தையலோடு பிய்ந்தது. பை வலது பக்கம் சாய்ந்து தேங்கிய தண்ணீரில் அடி மோதியது. லேப்டாப் அறைக்கு அடியில் ஒரு விரல் உயரம்கூடப் பஞ்சு இல்லை. லேப்டாப் நேராகத் தரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப்போய் அலுவலகத்தில் திறந்தால் உள்ளே ஈரம். ஜிப் வழியாகவும் தையல் ஓட்டைகள் வழியாகவும் இறங்கியிருக்கிறது. ஒரு வாடிக்கையாளருடைய பில்களில் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. கீபோர்டு போய்விட்டது, மாற்ற 3,600 ரூபாய் தனிச் செலவு. டோக்கன்கள் பிழைத்தன. அவை பிளாஸ்டிக் பவுச்சில் இருந்ததால் மட்டும்.

அன்று இரவு அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். மக்கில் ஊற்றுகிற தண்ணீர் முன்பக்கத் துணி மேல் மட்டும்தான் விழுகிறது. ஒரு தடவைகூட ஜிப் மேல் விழவில்லை.

புகைப்படம் எடுத்து அனுப்பினேன். அதுவரை “அக்கா” என்றவர், “டியர் கஸ்டமர், டீம் பார்த்துட்டு 48 மணி நேரத்துல சொல்வாங்க” என்று அனுப்பினார். நாலு நாள் பதில் இல்லை. போன் செய்தால் ஓனர் ஊரில் இல்லை. அடுத்த வாரம் கேட்டால், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். பை ஒன்பதாவது நாள் கிழிந்ததற்குப் பிரிக்கும் வீடியோ எதற்கு? பழுது பார்க்க அனுப்புங்கள், கொரியர் செலவு உங்களுடையது, முகவரி பிறகு தருகிறோம் என்றார்கள். முகவரி வரவே இல்லை.

கடைசியாக வந்த பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் நம்பி எழுதிக் கொடுத்த அந்தப் பட்டியலை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பினார்கள். கீழே: “மேடம், நீங்களே இவ்ளோ ஐட்டம் போட்டிருக்கீங்க. ஓவர்லோடு. ஓவர்லோடுக்கு வாரண்டி கிடையாது.” நாப்கின் பவுச் வரை எல்லாம் அதில் இருந்தது. எனக்கு உடம்பு எரிந்தது. வீட்டில் எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தேன். தண்ணீரோடு சேர்த்து 6 கிலோ 200 கிராம். 12 கிலோ தாங்கும் என்று எழுதி விற்ற பை.

அதோடு பையையும் டேப் வைத்து அளந்தேன். உள் உயரம் 44 சென்டிமீட்டர், அகலம் 29, ஆழம் 15. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 19 லிட்டர். அவர்கள் சொன்னது 30. வாங்கும் முன்பே அளவு கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பில் கேட்டு விடாமல் நச்சரித்ததில் ஒரு புகைப்படம் அனுப்பினார்கள். ஜிஎஸ்டி எண் 07 என்று ஆரம்பித்தது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். 07 டெல்லி. தமிழ்நாட்டுக்கு 33. நான் நாள் முழுக்கப் பார்க்கிற எண் இது, என்னிடமே அனுப்புகிறார்கள். “ஆம்பூர் யூனிட் என்றீர்களே?” என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. இன்று காலை பிளாக்.

பையைப் பாரிமுனையில் பை தைக்கிற ஓர் அண்ணனிடம் கொண்டு போனேன். வயதானவர், ஓரமாக ஒரு தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர். பையை உள்பக்கம் வெளியே திருப்பிக் காட்டினார். “பாரும்மா, பெல்ட் உள்ள கால் இஞ்ச் கூடப் போகல. ஒத்தத் தையல். இழுவை மொத்தமும் இதுலதான். பெல்ட் ஒரு இஞ்ச்சுக்கு மேல உள்ள போயி, சதுரமா அடிச்சு, நடுவுல குறுக்க ரெண்டு ஓட்டு ஓட்டணும்.” முதுகுப் பக்கம் விறைப்பாக இருந்தது அட்டை. நனைந்து மாவாகிக் கிடந்தது. துணியின் உள்ளே தண்ணீர் நிற்கப் பூசியிருந்த பூச்சு நகத்தால் சுரண்டியதும் பொருக்குப் பொருக்காக வந்தது. நிஜத் தோல் என்ற கைப்பிடியின் ஓரத்தைப் பிரித்தார். அடியில் வலைத்துணி. ரெக்சின். தோலாக இருந்தால் அடிப்பக்கம் நார் நாராக, சொரசொரவென்று இருக்கும் என்றார். பெல்ட்டை மறுபடி அடித்துக் கொடுக்க 180 ரூபாய் வாங்கினார். அவரைச் சுற்றி நாலு பக்கமும் பைக் கடைகள். தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். நின்று, கையை உள்ளே விட்டு, இழுத்துப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

வங்கியில் கேட்டதற்கு, நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பேசிப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். இணையத்தில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே சொல்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே போடலாம். போடப் போகிறேன். 4,850 ரூபாய்க்கா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், 4,850 ரூபாய்க்குத்தான்.

பை வாங்குவது பற்றி விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். மணி பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது, காலையில் 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். சுருக்கமாக எழுதிவிடுகிறேன். தோள் பெல்ட் மேலே சேரும் இடத்தில் குறுக்குத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். லேப்டாப் அறை பையின் அடிவரை போகக் கூடாது, கொஞ்சம் தூக்கலாக நிற்க வேண்டும். துணி தண்ணீர் தாங்குவது வேறு, பை தாங்குவது வேறு. ஜிப்பிலும் தையலிலும்தான் இறங்கும், அதனால் மழை உறை கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். முக்கியமான பேப்பர், டோக்கன், மாத்திரை எல்லாம் எந்தப் பையானாலும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். லிட்டர் கணக்கை நம்பாமல் நீளம், அகலம், ஆழம் கேளுங்கள். தனி ஆள் பெயருக்கு யுபிஐ போடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணை முதலிலேயே வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், யார், எந்த ஊர் என்று இலவசமாகக் காட்டும். பையில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டால், லேப்டாப் அளவை மட்டும் சொல்லுங்கள். போதும்.

அந்தப் பக்கத்தில் இன்று மாலையும் புது வீடியோ போட்டிருக்கிறார்கள். அதே மக்கு, அதே தண்ணீர். கீழே ஒரு பெண் “விலை என்ன அண்ணா?” என்று கேட்டிருக்கிறார். “இன்பாக்ஸ் பாருங்கக்கா” என்று பதில். வேறு கணக்கிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.