மூன்று பெட்டி, மூன்று வருடம்: மெஷ் வைஃபையைத் தூக்கிப் போடலாமா?

திருச்சியில் எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு தளம். சுவரெல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட். ஃபைபர் இணைப்பு வாசல் பக்க ஹாலில் வந்து இறங்குகிறது. நான் வேலை பார்க்கும் அறையோ மாடியில், வீட்டின் மறுகோடியில். அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் 9,500 ரூபாய் கொடுத்து மூன்று பெட்டி கொண்ட மெஷ் வைஃபை வாங்கினேன். ஒரு பெட்டி வாங்கிய இணையத்தை அடுத்த பெட்டிக்குக் கைமாற்றி வீடு முழுக்கப் பரப்பும் ஏற்பாடு இது. ஹாலில் ஒன்று, மாடிப்படி அருகே ஒன்று, என் அறையில் ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம். டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை), வைஃபை 5 ரகம்.

முதல் மாதம் சந்தோஷமாகத்தான் போனது. ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, மாடியிலும் முழு சிக்னல். அப்புறம்தான் புரிந்தது, போனில் தெரியும் அந்தக் கோடுகள் போனுக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் உள்ள உறவை மட்டுமே காட்டுகின்றன என்று. அந்தப் பெட்டிக்கும் ஹாலில் உள்ள தாய்ப்பெட்டிக்கும் நடுவே என்ன தகராறு என்பது போனுக்குத் தெரியாது. 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் ஹாலில் 190 வரும், மாடிப்படி அருகே 70, என் அறையில் 20, அதிகம் போனால் 30. டூயல் பேண்ட் மெஷ்ஷில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் நம் போனோடு பேசுவதும் பெரும்பாலும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில்தான். வாங்குகிற கையாலேயே கொடுக்கவும் வேண்டும் என்பதால் பெட்டி விட்டுப் பெட்டி போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். என் அறைக்கு இரண்டு தாவல். சுவர்கள் தின்றது தனி.

வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மீட்டிங் நடுவே வாய் மட்டும் அசைந்து குரல் வராமல் போவதைத்தான் தாங்க முடியவில்லை. அதுவும் தினமும் இல்லை. சில நாள் தேன் மாதிரி ஓடும், சில நாள் மாலை வரை அழும். காரணம் பிடிபட ஒரு வருடம் ஆனது. ஹாலிலும் என் அறையிலும் உள்ள பெட்டிகளுக்கு இன்வெர்ட்டர் லைன் உண்டு. மாடிப்படிப் பெட்டியைச் சொருகியிருந்த பிளக்குக்கு இல்லை. கரன்ட் போனதும் நடுப்பெட்டி அணைந்துவிடும். என் அறையில் உள்ள மாடிப்பெட்டி தடவித் தடவி நேராக ஹால் பெட்டியையே பிடித்துக்கொள்ளும். கரன்ட் வந்த பிறகும் அந்த நைந்த பிடியை விடாது. நானே போய் அணைத்துப் போட்டால்தான் வழிக்கு வரும். அந்த ஒரு வருடமும் நான் திட்டியதெல்லாம் பாவம், இணைப்புக் கொடுத்த கம்பெனியை.

இன்னொரு கூத்து: கீழே பின் அறைக்கு ஏதாவது வழி கிடைக்குமா என்று, மாடிப்படிப் பெட்டியை இரும்பு பீரோவின் மேல் வைத்திருந்தேன். உயரமான இடம், தூசி படாது, பார்க்கவும் லட்சணம். ரேடியோ அலைக்கு இரும்புத் தகடு என்பது சுவரைவிட மோசம். பக்கத்து மர அலமாரிக்கு மாற்றியதுமே மாடியில் வேகம் 30இல் இருந்து 45 ஆனது. செலவு பூஜ்யம்.

அம்மாவின் போன் கதை வேறு. ஹாலில் இருந்து அடுக்களைக்குப் போனாலும் அது ஹால் பெட்டியையே கட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பெட்டியோடு சேர்வது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான். மெஷ் ஜாடை காட்டலாம், அவ்வளவுதான். “இதுக்கு அந்தப் பழைய ரூட்டரே தேவலைடா” என்று அம்மா சொன்ன அன்றைக்கு, டிரைபேண்ட் செட் ஒன்றை ஆன்லைன் கார்ட்டில் போட்டு வைத்தேன். 28,000 ரூபாய். பெட்டிகள் பேசிக்கொள்ள அதில் தனியாக ஒரு பேண்ட் உண்டு. ஆனால் அந்தத் தனி பேண்டும் இதே கான்கிரீட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? வாங்கும் பட்டனை அழுத்தாமல் இரண்டு வாரம் யோசித்தேன்.

வீடு கட்டும்போது டெலிபோன் லைனுக்காகச் சுவருக்குள் போட்ட பைப் ஒன்று ஹாலில் இருந்து மாடிக்குப் போவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி பழைய ஒயரின் நுனியிலேயே கேட் 6 என்கிற நெட்வொர்க் கேபிளைக் கட்டி இழுத்துவிட்டார். கேபிளும் கூலியும் சேர்த்து 2,400 ரூபாய். மாடிப்பெட்டி இப்போது ஹால் பெட்டியோடு ஒயரில் பேசுகிறது. ஓடிப் போய் வேகம் பார்த்தால் 94! சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் அதே 94தான் வந்தது. அப்படி ஒரே இடத்தில் முட்டி நின்றால், ஜிகாபிட் போர்ட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும் ஒயர் துளை, 100க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். எட்டு இழையும் சேர்ந்தால்தான் ஜிகாபிட். நாலு இழை இருந்தாலே 100 ஓடிவிடும் என்பதால் கோளாறு வெளியே தெரியாது. தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். “ஆமாண்ணே, ஒரு ஒயர் பிடிக்கவே இல்லை” என்று நுனியை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தார். 188.

சரி, எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. சிசிடிவி கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் தெரியும். என் மெஷ்ஷில் இரண்டு பேண்டையும் பிரித்துப் பெயர் வைக்க வழியில்லை. கேமராவைப் புதிதாகச் சேர்க்க ஒவ்வொரு முறையும் போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடக்க வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாத தூரத்துக்கு. எதிர் வீட்டு மாமா இரண்டு முறை என்ன தேடுகிறாய் என்று கேட்டுவிட்டார். இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் செட்டிங்கை மாற்றும் ஆப்பே திறக்காது என்பது அதைவிடப் பெரிய வேடிக்கை. அந்த நேரத்தில்தானே அது வேண்டும்?

இப்போதைக்கு மாற்றவில்லை. மாடிப்படிப் பெட்டியை இடம் மாற்றி, பின் அறைக்கு மட்டும் வைத்திருக்கிறேன், இன்வெர்ட்டர் பிளக்கில். அம்மாவின் போன் இன்னும் அடம்பிடிக்கிறது, ஆனால் புதுசு வாங்கினாலும் அந்தப் போன் அதே போன்தான். நான் கவனித்துக்கொண்டிருப்பது வேறு ஒன்று: இந்தப் பெட்டிக்குக் கடைசியாக ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்து பதினாலு மாதம் ஆகிறது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதை நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி அறிவிக்கும் அன்றைக்கு மூன்றும் வீட்டை விட்டுப் போகும். அடுத்த செட்டில் முதலில் பார்க்கப்போவது, ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு ஜிகாபிட் போர்ட் இருக்கிறதா என்பதைத்தான்.